அறுபது மைல் குதிரைப் பயணம்: சினைப்பை நீர்க்கட்டியின் வரலாறு

1809ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கிரீன்ஸ்பர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மர வீடு. அந்த வீட்டில் ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற 46 வயதுப் பெண் வயிற்று வலியால் துடித்துக் கொண்டிருந்தார். வயிறு நிறைமாதத்தைத் தாண்டி ஊதியிருந்தது. வந்து பார்த்த இரண்டு உள்ளூர் மருத்துவர்கள், அது பிரசவ வலிதான், நாள் தள்ளிப் போய்விட்டது, வயிற்றில் இரட்டைக் குழந்தைகள் இருக்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் குழந்தை பிறக்கவில்லை. வலியும் நிற்கவில்லை.

கடைசியில் டான்வில் என்ற ஊரிலிருந்து எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவரை வரவழைத்தார்கள். அவர் பிரசவம் பார்க்கத்தான் போனார். பரிசோதித்துப் பார்த்தபோது கருப்பையில் குழந்தையே இல்லை! வயிற்றை நிறைத்துக் கொண்டிருந்தது சினைப்பையில் வளர்ந்த ஒரு பெரிய கட்டி.

மெக்டவல் அந்தப் பெண்ணிடம் எதையும் மறைக்கவில்லை. இப்படிப்பட்ட கட்டியை வயிற்றைத் திறந்து எடுத்து யாரும் பிழைத்ததாகத் தெரியவில்லை, இது ஒரு சோதனை முயற்சிதான், உயிர் போகலாம் என்று சொன்னார். சம்மதம் என்றால் டான்வில்லுக்கு வரவேண்டும் என்றார். ஜேன் கிராஃபோர்ட் சம்மதித்தார். சேணத்தின் முன்பக்கக் கொம்பில் வயிற்றைத் தாங்கியபடி, குளிர்காலத்தில், சில நாட்களாக அறுபது மைல் குதிரையில் போனார். அதாவது சுமார் 96 கிலோமீட்டர்.

இன்று ஒரு ஸ்கேன் மையத்தில் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுகிற "சினைப்பை நீர்க்கட்டி" என்ற இரண்டு வார்த்தைக்குப் பின்னால் இப்படி ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. வலி எப்போதும் இருந்தது. அந்த வலிக்கு என்ன காரணம், அது எந்த வகைக் கட்டி என்று பிரித்துப் பார்க்கத்தான் மருத்துவத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

மயக்க மருந்து இல்லாத 25 நிமிடங்கள்

அந்தக் காலத்தில் வயிற்றைத் திறப்பது என்றால் கொலைக்குச் சமம். குடலைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் காற்றுப் பட்டாலே நோயாளி இறந்துவிடுவார் என்று நம்பினார்கள். உண்மையில் உயிரைக் குடித்தது காற்று அல்ல, அழுக்குக் கையோடும் கத்தியோடும் போன கிருமிகள். ஆனால் கிருமிகளைப் பற்றிய அறிவு அப்போது கிடையாது. அதனால் பெரிய கட்டி வந்த பெண்களுக்குச் செய்யப்பட்ட வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். வயிற்றில் ஒரு குழாயைக் குத்தி நீரை இறக்குவார்கள். சில வாரங்களில் நீர் மீண்டும் நிரம்பும். மீண்டும் குத்துவார்கள். இப்படியே போய் ஒருநாள் அந்தப் பெண் இறந்துவிடுவார்.

மெக்டவல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். ஆனால் பட்டம் பெறாமல் ஊர் திரும்பியவர். கிறிஸ்துமஸ் நாளன்று தன் வீட்டிலேயே அறுவை சிகிச்சையைத் தொடங்கினார் என்று மரபாகச் சொல்லப்படுகிறது. ஈதர் மயக்க மருந்து வெளி உலகுக்குத் தெரிய வந்தது 1846ல். அதாவது இன்னும் 37 ஆண்டுகள் கழித்து! ஜேன் கிராஃபோர்ட் முழு நினைவோடு படுத்திருந்தார். வலியைத் தாங்க பைபிளின் சங்கீதங்களைச் சொல்லிக் கொண்டிருந்தார் என்பார்கள்.

வயிற்றின் இடது பக்கத்தில் ஒன்பது அங்குல நீளத்துக்குக் கீறினார் மெக்டவல். கீறியதும் குடல் மேசை மீது சரிந்துவிட்டது. அறுவை முடியும் வரை அதை உள்ளே தள்ள முடியவில்லை. கட்டியோ முழுதாக வெளியே எடுக்க முடியாத அளவுக்குப் பெரிது. அதனால் முதலில் அதன் அடிக்காம்பை நூலால் இறுக்கிக் கட்டினார். பிறகு கட்டியைத் திறந்து உள்ளே இருந்த கூழ் போன்ற பொருளை எடுத்தார். அது மட்டும் 15 பவுண்டு. பிறகு வெட்டி எடுத்த பை ஏழரை பவுண்டு. மொத்தம் பத்து கிலோவுக்கும் மேல். எல்லாம் சுமார் 25 நிமிடத்தில் முடிந்தது.

ஐந்தாம் நாள் மெக்டவல் போய்ப் பார்த்தபோது ஜேன் எழுந்து தன் படுக்கையைத் தானே சரி செய்து கொண்டிருந்தார். 25 நாளில் வீடு திரும்பினார். அதன் பிறகு 32 ஆண்டுகள் வாழ்ந்து, 1842ல் 78 வயதில் இறந்தார். அவரை அறுத்த மருத்துவர் 1830லேயே இறந்து போயிருந்தார்!

பெயர் இல்லாத இரண்டு பெண்கள்

மெக்டவல் எட்டு ஆண்டுகள் கழித்து, 1817ல்தான் இதை ஃபிலடெல்ஃபியாவின் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அதில் மூன்று நோயாளிகளைப் பற்றிய விவரம் இருந்தது. பலர் நம்பவில்லை. காட்டுப் பகுதியில் பட்டம்கூட இல்லாத ஒருவர் இதைச் செய்தாரா என்று லண்டன் இதழ் ஆசிரியர் ஒருவர் கேலியாக எழுதினார். பிறகு அவரே தன் தவறை ஒப்புக்கொண்டார்.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது பலரும் ஜேன் கிராஃபோர்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கட்டுரையில் இருந்த மற்ற இருவரும் கறுப்பினப் பெண்கள், அடிமை முறை இருந்த கென்டக்கியில் வாழ்ந்தவர்கள். அவர்கள் பெயரைக்கூட மெக்டவல் எழுதவில்லை. ஜேனிடம் ஆபத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்டார். இன்னொருவருக்குச் சொந்தமாக இருந்த ஒரு பெண்ணின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? ஒரு பெண்ணின் துணிச்சலுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. மற்ற இருவரின் வலிக்கு ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை. இதையும் சேர்த்துத்தான் இந்தச் சாதனையைப் படிக்க வேண்டும்.

கணக்கு வைத்த மருத்துவர்

மெக்டவலுக்குப் பிறகும் இந்த அறுவை சிகிச்சை உடனே பரவவில்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் க்ளே 1842ல் இதைச் செய்யத் தொடங்கினார். வயிற்றைக் கிழிப்பவர்கள் என்ற பழிச்சொல் இவர்களுக்கு இருந்தது.

நிலைமையை மாற்றியவர் லண்டன் சமாரிட்டன் மருத்துவமனையின் ஸ்பென்சர் வெல்ஸ். 1858ல் முதல் வெற்றி கண்ட இவர், 1880க்குள் ஆயிரம் பெண்களுக்கு இந்த அறுவையைச் செய்துவிட்டார். அவருடைய கைத்திறமையைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பிழைத்தவர்களை மட்டும் சொல்லாமல், இறந்தவர்களையும் வரிசையாக எழுதி வெளியிட்டார். லாபத்தை மட்டும் காட்டி நஷ்டத்தை மறைக்கும் கணக்கு கணக்கே இல்லை அல்லவா? மருத்துவத்துக்கும் அதுதான் விதி. வருடா வருடம் வெளிவந்த அந்தக் கணக்கைப் பார்த்துத்தான், இறப்பு குறைந்து வருகிறது என்று மற்ற மருத்துவர்கள் நம்பினார்கள். சுத்தமான கை, சுத்தமான அறை, குறைவான பார்வையாளர்கள் என்ற பழக்கங்களும் பரவின.

அளவுக்கு மீறிய கத்தி

இனி வருவது இந்த வரலாற்றின் இருண்ட பக்கம். வயிற்றைத் திறந்தும் பிழைக்க வைக்கலாம் என்று தெரிந்ததும், எப்போது திறக்கக்கூடாது என்ற கேள்வி மறந்து போனது.

1872ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பேட்டி என்ற மருத்துவர், பெரிய கட்டி எதுவும் இல்லாத ஒரு பெண்ணின் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார். மாதவிடாய் வலிக்கும் அது தொடர்பான தொந்தரவுகளுக்கும் அதுவே தீர்வு என்பது அவர் கருத்து. அதே ஆண்டில் ஜெர்மனியில் ஹேகரும் இங்கிலாந்தில் லாசன் டெய்ட்டும் இதே போன்ற அறுவையைச் செய்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் வலிக்கு மட்டுமல்ல, வலிப்பு நோய்க்கும், "ஹிஸ்டீரியா"வுக்கும், மனநோய்க்கும்கூட ஆயிரக்கணக்கான பெண்களின் சினைப்பைகள் எடுக்கப்பட்டன.

எடுத்த சினைப்பையை வெட்டிப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்ன நீர்ப்பைகள் தெரியும். பார்த்தீர்களா, நோய் இருக்கிறது என்பார்கள். ஆனால் அவற்றில் பல நோயே அல்ல. ஒவ்வொரு ஆரோக்கியமான பெண்ணின் சினைப்பையிலும் இருப்பவை!

மாதந்தோறும் வரும் நீர்ப்பை

அந்த நீர்ப்பைகளை 1672லேயே நெதர்லாந்தைச் சேர்ந்த ரெக்னியர் டி கிராஃப் விவரித்திருந்தார். அவையே முட்டைகள் என்று அவர் நினைத்தார். உண்மையான முட்டை அந்தப் பைக்குள் மிக நுண்ணிய அளவில் இருக்கிறது என்பதை 1827ல் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் கண்டுபிடித்தார்.

மாதந்தோறும் இப்படி ஒரு பை சுமார் இரண்டு சென்டிமீட்டர் வரை வளர்கிறது. பிறகு வெடித்து முட்டையை வெளியே விடுகிறது. சில மாதங்களில் அது வெடிக்காமல் தொடர்ந்து வளர்ந்துவிடும். சில மாதங்களில் வெடித்த பிறகு மூடிக்கொண்டு நீரோ ரத்தமோ சேரும். இவைதான் மிகச் சாதாரணமான நீர்க்கட்டிகள். இவை புற்றுநோய் அல்ல. பெரும்பாலானவை ஒன்று முதல் மூன்று மாதவிடாய்க்குள் தானாகவே மறைந்துவிடும். பலருக்கு வலியே இருக்காது. வலி வந்தால் அதற்குக் காரணம் கட்டி இழுபடுவது, உடைவது அல்லது உள்ளே ரத்தம் கசிவது.

அதாவது, 1870களில் நோய் என்று வெட்டி எடுக்கப்பட்டவற்றில் பல, விட்டிருந்தால் தானாகப் போயிருக்கும்.

சென்னையில் ஒரு கதவு

சினைப்பைக் கட்டியைக் கண்டுபிடிக்க முதலில் யாராவது பரிசோதிக்க வேண்டும். ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்து வலியோடு இறந்த பெண்கள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டுச் சென்னையில் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் இதை நேரில் கண்டார். 1875ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் அவரும் ஒருவர். பிறகு லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி வந்தார். 1885ல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கப்படக் காரணமாக இருந்தார். கோஷா முறையில் வாழ்ந்த பெண்களும் தயங்காமல் வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இயங்கும் அதை, சென்னைவாசிகள் இன்னமும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். ஷார்லீப் பின்னாளில் லண்டனில் வயிற்று அறுவை சிகிச்சையில் பெயர் பெற்றார். கருவிகள் வருவதற்கு முன்னால், வலியைச் சொல்ல ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தை உண்டாக்கியதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதியே.

சாக்லேட் கட்டி

இருபதாம் நூற்றாண்டில்தான் கட்டிகளை வகை பிரிப்பது வேகம் பிடித்தது. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் ஜான் சாம்ப்சன் என்ற மகப்பேறு மருத்துவர், சில பெண்களின் சினைப்பையில் சாக்லேட் பாகு போன்ற பழுப்பு நிறக் குழம்பு நிறைந்த கட்டிகளைக் கண்டார். 1921ல் அதைப் பற்றி எழுதினார்.

அந்தக் குழம்பு என்ன? பழைய ரத்தம். கருப்பையின் உள்சுவரைப் போன்ற திசு சினைப்பையில் ஒட்டி வளர்ந்தால், மாதந்தோறும் அங்கேயும் ரத்தம் கசிகிறது. வெளியேற வழி இல்லாததால் தேங்கிக் கெட்டியாகிறது. சுற்றியுள்ள உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மாதவிடாய் ரத்தத்தின் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போவதே இதற்குக் காரணம் என்று 1927ல் சாம்ப்சன் விளக்கினார். அந்தக் கருத்து முழுமையானது அல்ல. ஏனென்றால் பெரும்பாலான பெண்களுக்கு ரத்தம் கொஞ்சம் பின்னோக்கிப் போகிறது, எல்லாருக்கும் இந்த நோய் வருவதில்லை. ஆனாலும் இன்றுவரை முக்கியமான விளக்கமாக அதுவே இருக்கிறது.

இந்த நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாதவிடாய் நாட்களில் படுக்கையில் சுருண்டு கிடக்கும் அளவுக்கு வலி வந்தால், "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று சொல்லி விட்டுவிடுவது நம் வீடுகளிலும் உண்டு. அதனால் பலருக்கு இந்த நோய் உறுதியாவதற்குள் ஆண்டுக்கணக்கு ஆகிவிடுகிறது.

முடி, பல், முறுக்கு

இன்னொரு வகை டெர்மாய்ட். இதை வெட்டினால் உள்ளே கொழுப்பு, முடி, சில நேரம் பல்லும் இருக்கும்! பழைய காலத்தில் இதைப் பாவத்தின் பலன், சூனியம் என்றெல்லாம் பேசியிருக்கிறார்கள். காரணம் மிக எளிது. உடலின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய முட்டைச் செல் ஒன்று சினைப்பைக்குள்ளேயே தாறுமாறாக வளரத் தொடங்கியதன் விளைவு அது. இளம் பெண்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலும் ஆபத்தில்லாதது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிய கனமான கட்டி, சினைப்பையை அதன் காம்போடு சேர்த்து முறுக்கிவிடலாம். ரத்த ஓட்டம் நின்றுவிடும். திடீரென்று ஒரு பக்கத்தில் தாங்க முடியாத வலியும் வாந்தியும் வரும். இது மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசரம். முன்பெல்லாம் முறுக்கிய சினைப்பையை அப்படியே எடுத்துவிடுவார்கள். இன்று முறுக்கைப் பிரித்துவிட்டால் கறுத்துப் போன சினைப்பைகூடப் பல நேரம் உயிர் பெறும் என்று தெரிந்திருப்பதால், காப்பாற்றத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஜேன் கிராஃபோர்டுக்கு வந்தது இவை எதுவும் அல்ல. கூழ் நிறைந்திருந்ததை வைத்துப் பார்த்தால், சினைப்பையின் மேலுறையிலிருந்து வளரும் இன்னொரு வகைக் கட்டியாக அது இருந்திருக்கலாம் என்பது இன்றைய மருத்துவர்களின் கணிப்பு. அந்த வகைதான் பத்து கிலோ, இருபது கிலோ என்று வளரக்கூடியது.

நம் ஊரில் அடிக்கடி கேட்கும் "பிசிஓடி" இந்த வரிசையில் சேராது. 1935ல் சிகாகோவின் ஸ்டெய்ன், லெவெந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து அது பிரபலமானது. அதில் தெரிபவை பாதியில் வளர்ச்சி நின்ற சின்னஞ்சிறு முட்டைப் பைகள். ஹார்மோன் கோளாறின் அடையாளம் அது. பொதுவாகக் கடுமையான வலியைத் தருவதில்லை. "கட்டி" என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பதால் எத்தனை வீடுகளில் வீண் பயம்!

காரின் டிக்கியில் வந்த கட்டிகள்

இத்தனை வகைகள் இருக்கின்றன, சரி. வயிற்றைத் திறக்காமல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கான விடை ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் வேலை பார்த்ததால் ராடார் பற்றி அறிந்தவர். இரும்புத் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலைகளால் பார்க்கும் கருவி, பக்கத்தில் கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில் இருந்தது. 1955 ஜூலையில், அறுவை சிகிச்சையில் எடுத்த கருப்பைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு அங்கே போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டைத் தொழிற்சாலையினர் தந்தார்கள். நீர் நிறைந்த கட்டிக்கு ஒரு மாதிரி எதிரொலி, சதைக் கட்டிக்கு வேறு மாதிரி எதிரொலி! வித்தியாசம் திரையில் தெளிவாகத் தெரிந்தது.

பிறகு ஒரு பெண் நோயாளி. வயிற்றுப் புற்றுநோய் முற்றிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்டவர். டொனால்ட் தன் கருவியை வைத்துப் பார்த்தார். அது நீர் நிறைந்த ஒரு பெரிய சினைப்பைக் கட்டி போலத் தெரிந்தது. அறுத்து எடுத்தார்கள். அந்தப் பெண் பிழைத்தார். பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மெக்விக்கர் ஆகியோருடன் சேர்ந்து 1958 ஜூனில் லான்செட் இதழில் டொனால்ட் எழுதிய கட்டுரைதான் இன்றைய வயிற்று ஸ்கேனின் தொடக்கங்களில் முக்கியமானது. கர்ப்பிணிகளுக்குக் குழந்தையைக் காட்டும் கருவி என்று நாம் நினைப்பது, ஆரம்பத்தில் கட்டியைப் பிரித்தறியப் பிறந்தது!

அதன் பிறகு பல வேலைகள் எளிதாயின. சாதாரண நீர்க்கட்டி என்றால் சில வாரம் காத்திருந்து மீண்டும் பார்க்கலாம். எடுக்க வேண்டியதென்றால் ஒன்பது அங்குலக் கீறல் வேண்டாம், பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில் சில சிறு துளைகளே போதும். மாதவிடாய் நின்ற வயதில் வரும் கட்டியை மட்டும் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள். ஏனெனில் அந்த வயதில் புற்றுநோய்க்கான வாய்ப்பு அதிகம்.

வரலாறு சொல்வது

இந்த வரலாற்றில் மருத்துவம் இரண்டு விதமாகத் தவறியிருக்கிறது. பெண் சொன்ன வலியை நம்பாமல் விட்டது ஒன்று. வலி என்றதும் காரணம் பார்க்காமல் வெட்டியது இன்னொன்று. கிரீன்ஸ்பர்க்கில் பிரசவ வலி என்று சொல்லி அனுப்பியதும், ஜார்ஜியாவில் நல்ல சினைப்பையை எடுத்ததும் பார்க்க எதிரெதிராகத் தெரியும். இரண்டிலும் விடுபட்டது ஒரே விஷயம்தான்: என்ன வலி, எங்கிருந்து வருகிறது என்று பொறுமையாகக் கேட்டுப் பார்ப்பது.

மெக்டவல் கேட்டார், பார்த்தார், உள்ளதைச் சொன்னார். சாம்ப்சன் பார்த்தார். டொனால்ட் கைவிடப்பட்ட ஒருவரை இன்னொரு முறை பார்த்தார். முன்னேற்றம் வந்ததெல்லாம் அந்த இன்னொரு பார்வையால்தான்.

மெக்டவலின் டான்வில் வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே போய்ச் சேர ஜேன் கிராஃபோர்ட் வலியோடு அறுபது மைல் போக வேண்டியிருந்தது. இன்று ஸ்கேன் மையம் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. வீட்டில் ஒரு பெண் "இந்த வலி வழக்கமான வலி மாதிரி இல்லை" என்று சொன்னால், அந்தத் தெருவைத் தாண்டுவதற்குள் அவர் எத்தனை பேரை நம்ப வைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் மிச்சமிருக்கும் தூரம்.